செங்கல் வீடுகளும் சிதறிப்போன உறவுகளும்: கத்ரீனாவுக்குப் பிறகு நியூ ஆர்லியன்ஸின் கருப்பினப் பெண்கள்

அமெரிக்காவின் லூயிசியானா மாநிலத்தில் உள்ள நியூ ஆர்லியன்ஸ் நகரத்தில் புயல் எச்சரிக்கை வந்தால், கார் இல்லாத ஏழைக் குடும்பங்களுக்கு ஒரு பழக்கம் இருந்தது. பிள்ளைகளையும் வயதானவர்களையும் கூட்டிக்கொண்டு, மாற்றுத்துணியும் தின்பண்டமும் எடுத்துக்கொண்டு, அரசுக் குடியிருப்பில் இருக்கும் அக்கா வீட்டுக்கோ சித்தி வீட்டுக்கோ போய்விடுவார்கள். 1940களை ஒட்டிக் கட்டப்பட்ட அந்தக் குடியிருப்புகள் கனத்த செங்கல் கட்டடங்கள். மரப்பலகை வீடுகள் ஆட்டம் காணும் காற்றிலும் அவை அசையாது. 'செங்கல்லுக்குப் போய்விடு' என்பதுதான் அங்கே தாய்மார் சொல்லும் புயல்கால யோசனை.

2005 ஆகஸ்ட் 29 அன்று கத்ரீனா புயல் வந்தபோதும் பலர் அப்படித்தான் செங்கல்லுக்குப் போனார்கள். கட்டடங்கள் நின்றன, உள்ளே இருந்தவர்கள் பிழைத்தார்கள். ஆனால் அடுத்த மூன்று ஆண்டுகளுக்குள் அந்தக் கட்டடங்களில் பெரும்பாலானவற்றை இடித்துத் தள்ள அரசு முடிவெடுத்தது. அந்தக் குடியிருப்புகளில் இருந்த சுமார் 5,000 குடும்பங்களும் ஏறக்குறைய எல்லாமே கருப்பினக் குடும்பங்கள். பெரும்பாலானவற்றில் குடும்பத் தலைவர் ஒரு பெண். பேரிடருக்குப் பிறகு கருப்பினப் பெண்கள் எப்படி மீண்டார்கள் என்று பேசும்போது, இந்த இடத்திலிருந்துதான் தொடங்க வேண்டும் என்பது என் எண்ணம். புயல் அவர்களிடமிருந்து எடுத்துக்கொண்டதைவிட, புயலுக்குப் பின் எடுக்கப்பட்ட முடிவுகள் எடுத்துக்கொண்டது அதிகம்.

முதலில் நடந்தது என்ன என்று பார்ப்போம். நகரத்தை மூழ்கடித்தது காற்றும் மழையும் அல்ல. அமெரிக்க ராணுவப் பொறியியல் படை கட்டிய வெள்ளத் தடுப்புக் கரைகளும் கால்வாய்ச் சுவர்களும் ஐம்பதுக்கும் மேற்பட்ட இடங்களில் உடைந்தன. நகரத்தின் 80 சதவீதம் நீருக்குள் போனது. இண்டஸ்ட்ரியல் கால்வாயின் சுவர் உடைந்தபோது, பக்கத்தில் இருந்த லோயர் நைன்த் வார்டு பகுதியில் வீடுகள் அஸ்திவாரத்தோடு பெயர்ந்து நகர்ந்தன. ஆக, இதை இயற்கைப் பேரிடர் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போக முடியாது. பாதிக்கு மேல் பொறியியல் தோல்வி.

லோயர் நைன்த் வார்டு என்றாலே வறுமை என்று செய்திகளில் எழுதினார்கள். அது பாதி உண்மைதான். அங்கே வசித்தவர்களில் பத்துக்கு ஆறு குடும்பங்கள் சொந்த வீட்டில் இருந்தன. நகரத்தின் சராசரியைவிட அது அதிகம். பாட்டன் கட்டிய வீடு, பாட்டி பெயரில் பத்திரம், அடுத்த தெருவில் அத்தை, மூலையில் சர்ச். 1965-இல் பெட்ஸி புயல் அதே பகுதியை மூழ்கடித்தபோது வீட்டுப் பரணில் சிக்கி மாண்டவர்கள் உண்டு. அன்றுமுதல் பரணில் ஒரு கோடாலி வைத்திருப்பது பல வீடுகளில் வழக்கமாகிவிட்டது. தண்ணீர் ஏறினால் கூரையை வெட்டி வெளியேறத்தான் அது.

அப்படியும் ஏன் கிளம்பவில்லை என்ற கேள்வியை உலகம் முழுக்கக் கேட்டார்கள். நகரத்தில் கால்வாசிக் குடும்பங்களுக்குக் கார் இல்லை. புயல் வந்தது மாதக் கடைசியில், அடுத்த மாதப் பணம் கைக்கு வர இரண்டு மூன்று நாள் பாக்கி. மருத்துவமனை, முதியோர் இல்லம், ஹோட்டல் என்று பெண்கள் நிறையப் பேர் வேலை பார்த்த இடங்கள் புயல் அன்றும் ஆள் கேட்கும் இடங்கள். வீட்டில் படுத்த படுக்கையாக ஒரு பெரியவர் இருந்தால், அவரை விட்டுவிட்டு யார் கிளம்புவது?

பலருக்கு வியப்பாக இருக்கும் ஒரு தகவல்: லூயிசியானாவில் கத்ரீனாவால் இறந்தவர்களில் பெண்களைவிட ஆண்கள் சற்றே அதிகம். ஏறக்குறைய பாதிப் பேர் 75 வயதைத் தாண்டியவர்கள். ஆகவே இந்தப் பெண்களின் கதை இறப்பு எண்ணிக்கையில் இல்லை, பிழைத்த பிறகு வந்த ஆண்டுகளில் இருக்கிறது.

பிழைத்தவர்களை அரசு பேருந்துகளிலும் விமானங்களிலும் ஏற்றி அனுப்பியது. எங்கே போகிறோம் என்று தெரியாமலே ஏறியவர்கள் ஏராளம். அம்மா ஹூஸ்டனில், தங்கை அட்லாண்டாவில், பாட்டி வேறொரு மாநிலத்து முகாமில். குடும்பத்திடமிருந்து பிரிந்துபோன அல்லது காணாமல் போனதாகப் பதிவான குழந்தைகள் மட்டும் 5,192 பேர். கடைசிக் குழந்தை தன் குடும்பத்தோடு சேர ஏழு மாதம் ஆனது.

இந்தப் பிரிவு ஏன் அத்தனை பெரிய அடி? ஒரு தனித்தாயை எடுத்துக்கொள்ளுங்கள். காலை ஆறு மணிக்கு ஹோட்டல் வேலைக்குப் போகிறாள். பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புவது அவளுடைய அம்மா. மாலையில் பார்த்துக்கொள்வது பக்கத்து வீட்டுக்காரி. வாடகைக்கு ஐம்பது டாலர் குறைந்தால் கைமாற்றாகக் கொடுப்பது சர்ச்சில் கூடப் பாடும் தோழி. இது எதற்கும் கணக்கு கிடையாது, ரசீது கிடையாது. ஆனால் அந்தச் சம்பளத்தில் அவள் குடும்பம் நடத்த முடிந்ததே இதனால்தான். அக்கம்பக்கம் கலைந்தால் அவளுடைய வருமானத்தில் ஒரு பெரும்பகுதி காணாமல் போகிறது. நிவாரணத் துறையான ஃபீமாவோ, புயலுக்கு முன் ஒரே வீட்டில் இருந்தவர்களுக்கு ஒரே விண்ணப்பம் என்று விதி வைத்திருந்தது. மூன்று தலைமுறை ஒரே கூரையின் கீழ் வாழ்ந்துவிட்டு, மூன்று ஊருக்குச் சிதறிய குடும்பத்தில் முதலில் விண்ணப்பித்தவருக்குப் பணம். மற்றவர்களுக்கு நிராகரிப்புக் கடிதம்.

இதை வெறும் ஊகமாகச் சொல்லவில்லை. பேரிடர் ஆய்வுகளில் அரிதான ஒரு வாய்ப்பு இங்கே அமைந்தது. கத்ரீனாவுக்கு முன்பே, 2003-04-இல், நியூ ஆர்லியன்ஸ் சமுதாயக் கல்லூரிகளில் படித்த 1,019 ஏழைப் பெற்றோர்களின் உடல்நலம், மனநலம், உறவுகள் பற்றியெல்லாம் வேறொரு ஆய்வுக்காகத் தகவல் திரட்டியிருந்தார்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோர் இளம் கருப்பினத் தாய்மார். புயலுக்குப் பின் ஜீன் ரோட்ஸ், மேரி வாட்டர்ஸ் முதலான ஆய்வாளர்கள் நாடெங்கும் சிதறிய அதே பெண்களைத் தேடிப்பிடித்துத் தொடர்ந்து பேசினார்கள். முன்பு எப்படி இருந்தார்கள், பின்பு எப்படி ஆனார்கள் என்று ஒப்பிட முடிந்தது.

முதல் சில ஆண்டுகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு அதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தத்தின் அறிகுறிகள் இருந்தன. கடுமையான மனநலப் பாதிப்பு இரட்டிப்பானது. காலப்போக்கில் பெரும்பாலோர் புயலுக்கு முந்தைய நிலைக்குத் திரும்பினார்கள். இதுதான் எல்லோரும் மேற்கோள் காட்டும் நல்ல செய்தி. ஆனால் 12 ஆண்டுகள் கழித்தும் ஆறில் ஒருவருக்கு அந்த அறிகுறிகள் போகவில்லை. இன்னொன்றும் தெரியவந்தது: தனக்கு ஆதரவாக ஆட்கள் இருக்கிறார்கள் என்று புயலுக்கு முன்பே உணர்ந்திருந்தவர்கள் மனதளவில் குறைவாகவே பாதிக்கப்பட்டார்கள். அதாவது மீண்டு வரும் திறன் என்று நாம் சொல்வது ஒரு பெண்ணின் நெஞ்சுக்குள் மட்டும் இருக்கும் சரக்கல்ல. அவளைச் சுற்றி இருக்கும் மனிதர்களிடமும் இருக்கிறது.

சரி, அந்த மனிதர்கள் திரும்பி வந்து ஒன்றுசேர என்ன செய்யப்பட்டது? ஏறக்குறைய எல்லாமே எதிர்த்திசையில்தான் நடந்தது.

புயல் முடிந்த பத்தாம் நாளே, 2005 செப்டம்பர் 8 அன்று, அரசு ஒப்பந்தக் கட்டுமானப் பணிகளில் குறைந்தபட்சக் கூலியை உறுதிசெய்யும் சட்டத்தை அதிபர் புஷ் அந்தப் பகுதிகளுக்கு நிறுத்திவைத்தார். இரண்டு மாதம் கழித்துத்தான் அது மீண்டும் நடைமுறைக்கு வந்தது. மறுசீரமைப்பு வேலை என்றாலே இடிப்பதும் கட்டுவதும்தான். அதில் பெண்களுக்கு இடம் குறைவு. பெண்கள் வேலை பார்த்த இடங்களோ மூடிக் கிடந்தன. ஏழைகளின் பெரிய மருத்துவமனையான சாரிட்டி மருத்துவமனை பிறகு திறக்கவே இல்லை.

ஆசிரியர்களுக்கு நடந்தது இன்னும் கொடுமை. நியூ ஆர்லியன்ஸ் பொதுப்பள்ளி ஆசிரியர்களில் 71 சதவீதம் கருப்பினத்தவர், அவர்களில் பெரும்பாலோர் பெண்கள். கருப்பின நடுத்தர வர்க்கத்தின் முதுகெலும்பே அவர்கள்தான். வீட்டுக்கடன் கட்டியவர்கள், சர்ச்சை நடத்தியவர்கள், தெருவில் யார் பிள்ளை என்ன படிக்கிறான் என்று தெரிந்தவர்கள். ஆசிரியர்களும் ஊழியர்களுமாகச் சுமார் 7,500 பேர் மொத்தமாக வேலைநீக்கம் செய்யப்பட்டார்கள். பள்ளிகளில் பெரும்பாலானவற்றை மாநில அரசு எடுத்துக்கொண்டு, பிறகு தனி நிர்வாகங்கள் நடத்தும் சார்ட்டர் பள்ளிகளாக மாற்றியது. வழக்கு போட்டார்கள். கீழ்நீதிமன்றங்களில் ஜெயித்தார்கள். 2014-இல் லூயிசியானா உச்ச நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்தது. அடுத்த ஆண்டு நாட்டின் உச்ச நீதிமன்றம் விசாரிக்கவே மறுத்தது. கருப்பின ஆசிரியர்களின் பங்கு 2014 வாக்கில் பாதிக்கும் கீழே இறங்கியிருந்தது.

செங்கல் குடியிருப்புகளின் முடிவு 2007 டிசம்பர் 20 அன்று எழுதப்பட்டது. பி.டபிள்யூ. கூப்பர், சி.ஜே. பீட், லாஃபிட், செயின்ட் பெர்னார்ட் என்ற நான்கு பெரிய குடியிருப்புகளை இடிக்க நகரசபையின் ஏழு உறுப்பினர்களும் ஒருமனதாக வாக்களித்தார்கள். அன்று குடியிருப்புவாசிகளும் ஆதரவாளர்களும் வெளியே நின்றார்கள். அவர்கள் மீது போலீஸ் மிளகுப்பொடித் திரவம் அடித்தது. சுமார் 4,500 வீடுகள் போயின. கட்டடங்கள் வாழத் தகுதியற்றவையா? அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகக் கட்டடக்கலைப் பேராசிரியர் ஜான் ஃபெர்னாண்டஸ் நேரில் ஆய்வு செய்து, கட்டமைப்பு உறுதியாக இருக்கிறது, இடிக்கக் காரணம் இல்லை என்று கருத்துக் கொடுத்தார். அதற்குள் ஜன்னல்களுக்கும் கதவுகளுக்கும் இரும்புத்தகடு அடித்து மூடியிருந்தார்கள். சொந்தப் பாத்திரபண்டத்தை எடுக்கக்கூட விடாமல் பலரைத் தடுத்தார்கள். நகரத்தில் வாடகை அந்த ஓரிரு ஆண்டுகளில் 40 சதவீதத்துக்கு மேல் ஏறியிருந்தது. வீடு வேண்டும் என்று நகரமே தவித்துக்கொண்டிருந்த நேரத்தில் இடித்தார்கள்.

இடிப்புக்குச் சொல்லப்பட்ட காரணம், வறுமை ஒரே இடத்தில் குவியக்கூடாது, பலதரப்பு வருமானக்காரர்கள் கலந்து வாழ வேண்டும் என்பது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. புதிதாகக் கட்டிய இடங்கள் பார்க்கவும் அழகாக இருக்கின்றன. ஆனால் பழைய குடும்பங்கள் கட்டக்கூடிய வாடகையில் கிடைத்த வீடுகள் முன்பைவிடக் குறைவு. மகளிர் கொள்கை ஆய்வு நிறுவனம் ஒன்று இந்தக் குடியிருப்புகளைச் சேர்ந்த 184 கருப்பினப் பெண்களைச் சந்தித்துப் பேசி 2015-இல் அறிக்கை வெளியிட்டது. அந்தப் பெண்கள் திரும்பத் திரும்பச் சொன்னது குழாயோ சுவரோ அல்ல. தன்னைத் தெரிந்தவர்கள் பக்கத்தில் இல்லை என்பதைத்தான்.

சொந்த வீட்டுக்காரர்களுக்காவது நியாயம் கிடைத்ததா? அவர்களுக்காக 'ரோட் ஹோம்' என்ற பெரிய திட்டம் வந்தது. உச்சவரம்பு 1,50,000 டாலர். கணக்கு போடும் முறைதான் விஷயம். புயலுக்கு முந்தைய வீட்டின் சந்தை மதிப்பு, பழுதுபார்க்கும் செலவு, இந்த இரண்டில் எது குறைவோ அதை அடிப்படையாக வைத்து, காப்பீட்டுத் தொகையைக் கழித்துக்கொண்டு கொடுத்தார்கள். ஒரே அளவு, ஒரே வயது வீடு இரண்டு என்று வைத்துக்கொள்வோம். இரண்டுக்கும் பழுதுபார்க்க ஒன்றரை லட்சம் டாலர் ஆகும். வெள்ளையர் பகுதி வீட்டின் சந்தை மதிப்பு இரண்டு லட்சம், அதனால் அவருக்கு முழுச் செலவும் கணக்கில் வரும். கருப்பினப் பகுதி வீட்டின் மதிப்பு எண்பதாயிரம், அவருக்கு எண்பதாயிரத்தோடு முடிந்தது. மரமும் ஆணியும் இருவருக்கும் ஒரே விலைதான். கருப்பினத்தவர் வாழும் பகுதி என்பதாலேயே பல தலைமுறைகளாக அங்கே மதிப்பு அடிமட்டத்தில் வைக்கப்பட்டிருந்தது. அந்தப் பழைய அநியாயத்தை இந்தச் சூத்திரம் அப்படியே நிவாரணத்துக்குள் கொண்டுவந்துவிட்டது. 2008-இல் போடப்பட்ட வழக்கு 2011-இல் 6.2 கோடி டாலர் சமரசத்தில் முடிந்தது. அது சுமார் 1,300 வீட்டுக்காரர்களுக்கு. அதற்குள் ஆறு ஆண்டுகள் ஓடியிருந்தன.

இதே திட்டத்தில், வீட்டைத் தரையிலிருந்து உயர்த்திக் கட்ட 30,000 டாலர் தனியாகக் கொடுத்தார்கள். மற்ற பணம் போதாததால் பலர் அதையும் கூரைக்கும் சுவருக்கும் போட்டுவிட்டார்கள். அப்புறம் மாநில அரசு அந்தப் பணத்தைத் திருப்பிக் கேட்டு ஆயிரக்கணக்கானவர்கள் மீது வழக்கு போட்டது. ஓய்வூதியத்தில் வாழும் மூதாட்டிகளுக்குக்கூட நீதிமன்ற அறிவிப்பு போனது. 2023-இல்தான் அந்த வழக்குகளைக் கைவிட்டார்கள். புயல் அடித்து அப்போது பதினெட்டாம் ஆண்டு.

இத்தனைக்கும் நடுவில் இந்தப் பெண்கள் செய்ததைச் சொல்ல வேண்டும்.

லோயர் நைன்த் வார்டில் டாக்டர் மார்ட்டின் லூதர் கிங் பெயரில் ஒரு பள்ளி. தலைமையாசிரியை டோரிஸ் ஹிக்ஸ். அந்தப் பகுதிக்கு எதிர்காலம் உண்டா என்றே மேலிடத்தில் முடிவாகாத நேரம். கட்டடத்துக்குள் போகக்கூடாது என்று உத்தரவு. 2006 மார்ச்சில் பள்ளியைச் சேர்ந்தவர்களும் தன்னார்வலர்களும் அதை மீறி உள்ளே நுழைந்து, சேறு காய்ந்த நாற்காலிகளையும் பூஞ்சை பிடித்த புத்தகங்களையும் வெளியே வாரிப் போட்டார்கள். போலீஸ் வந்தும் வேலை நிற்கவில்லை. முதலில் வேறொரு கட்டடத்தில் வகுப்பு தொடங்கி, 2007-இல் சொந்த இடத்துக்கே திரும்பினார்கள். லோயர் நைன்த் வார்டில் மீண்டும் திறந்த முதல் பள்ளி அதுதான். பள்ளி இல்லாத இடத்துக்கு எந்தத் தாயும் பிள்ளையோடு வரமாட்டாள் என்று ஹிக்ஸுக்குத் தெரியும். வரைபடம் போட்ட நிபுணர்களுக்கு அது தோன்றவில்லை.

வரைபடம் என்றதும் இன்னொன்று. 2006 ஜனவரியில் மறுசீரமைப்புக் குழுவின் வரைபடம் ஒன்று நாளிதழில் வந்தது. தாழ்வான சில குடியிருப்புப் பகுதிகள் மேல் பச்சை வட்டங்கள், அங்கெல்லாம் பூங்கா வரலாம் என்று அர்த்தம். பிராட்மோர் பகுதி மேலும் ஒரு வட்டம். அந்தப் பகுதிச் சங்கத்தின் தலைவி லடோயா கான்ட்ரெல், வீடு வீடாகக் கணக்கெடுத்து, யார் எங்கே இருக்கிறார்கள், எப்போது திரும்புவார்கள் என்று பட்டியல் போட்டு, பூங்காத் திட்டத்தை முறியடித்தவர்களில் முன்னணியில் இருந்தார். 2018-இல் நகரத்தின் முதல் பெண் மேயரும் ஆனார். அவருடைய மேயர் காலம் சர்ச்சைகள் நிறைந்தது, அது தனிக் கதை.

பெவர்லி ரைட் செய்தது எனக்கு மிகவும் பிடித்தமான ஒன்று. சுற்றுச்சூழல் நீதிக்காக 1992-இலேயே மையம் தொடங்கிய சமூகவியலாளர் அவர். வெள்ளம் விட்டுப்போன வண்டலில் ஆர்சனிக், ஈயம், டீசல் எச்சங்கள் எல்லாம் இருந்தன. அரசுத் துறைகள் அதைப் பெரிய ஆபத்தாக எடுத்துக்கொள்ளவில்லை. 2006 மார்ச்சில் ரைட்டின் மையமும் உருக்குத் தொழிலாளர் சங்கமும் சேர்ந்து, நகரின் கிழக்கே அபர்டீன் சாலை என்ற ஒரே ஒரு தெருவை எடுத்துக்கொண்டார்கள். வீட்டு முற்றங்களில் மேல்மண்ணைச் சில அங்குலம் சுரண்டி அகற்றி, புதுமண் கொட்டி, புல் பதித்தார்கள். தொழிலாளர்களும் மாணவர்களும் செய்த வேலை. தெருக்காரர்கள் செய்ய முடிவதை அரசு ஏன் செய்யாது என்ற கேள்வியை மண்வெட்டியால் கேட்டார்கள் என்று சொல்லலாம்.

ட்ரெமே பகுதியில் லியா சேஸின் உணவகம் தண்ணீரில் நின்றது. 1960களில் சிவில் உரிமைத் தலைவர்கள் மாடியில் கூடித் திட்டம் போட்டபோது சாப்பாடு போட்ட அடுப்படி அது. அப்போது அவருக்கு 82 வயது. எதிர்ச்சாரியில் ஃபீமா கொடுத்த ட்ரெய்லர் வீட்டில் கணவரோடு தங்கி, 2007-இல் கடையைத் திறந்தார். ஈஸ்டருக்கு முந்தைய வியாழக்கிழமை அவர் சமைக்கும் கீரை கம்போ என்ற குழம்பு ஊருக்கே பிரசித்தம். ஒற்றைப்படை எண்ணிக்கையில் கீரைகள் போட வேண்டும், எத்தனை கீரையோ அத்தனை புது நண்பர்கள் அந்த ஆண்டு கிடைப்பார்கள் என்பது நம்பிக்கை. 2019-இல் 96 வயதில் இறக்கும் வரை அந்தச் சமையலறையைத் தன் பொறுப்பிலேயே வைத்திருந்தார்.

இப்படிப்பட்டவர்களைப் பாராட்டுவதில் தவறில்லை. பாராட்டோடு நின்றுவிடுவதுதான் பிரச்சினை. 'எதையும் தாங்குவார்கள்' என்ற பெயர் ஒருவருக்கு வந்துவிட்டால், இன்னும் கொஞ்சம் சுமத்தலாம் என்று அதிகாரத்தில் இருப்பவர்களுக்குத் தோன்றிவிடுகிறது. நியூ ஆர்லியன்ஸ் வழக்கறிஞர் ட்ரேசி வாஷிங்டன் இதைத்தான் வெளிப்படையாகச் சொன்னார்: என்னைத் தாங்கும் சக்தி உள்ளவள் என்று சொல்லாதீர்கள், ஒவ்வொரு முறை சொல்லும்போதும் எனக்கு இன்னொன்று செய்யலாம் என்று ஆகிவிடுகிறது என்று. அந்த வாசகம் சுவரொட்டியாகவும் நகரத்தில் ஒட்டப்பட்டது. இது உடம்பையும் பாதிக்கிறது. செவிலியர் துறை ஆய்வாளர் செரில் வுட்ஸ்-கிஸ்கோம்பே 2010-இல் இதை ஆராய்ந்து எழுதினார். வலுவாகத் தெரிய வேண்டும், அழக்கூடாது, உதவி கேட்கக்கூடாது, தன்னைவிடப் பிறரைக் கவனிக்க வேண்டும் என்ற கட்டாயத்தைக் கருப்பினப் பெண்கள் சுமக்கிறார்கள், அதற்கான விலையை உடல்நலத்தில் கொடுக்கிறார்கள் என்பது அவருடைய முடிவு. முகாமில் அம்மாவின் மாத்திரை, பிள்ளையின் பள்ளி, தங்கையின் விண்ணப்பம் எல்லாம் பார்த்து முடித்துத் தன் ரத்த அழுத்தத்தை மறந்துவிடும் பெண்ணை நாமும் பார்த்திருப்போம்.

எதுவுமே மாறவில்லை என்று சொல்லிவிட முடியாது. 2021 ஆகஸ்ட் 29, கத்ரீனாவின் அதே தேதியில், ஐடா புயல் லூயிசியானாவைத் தாக்கியது. 1,450 கோடி டாலர் செலவில் புதிதாகக் கட்டிய கரைகள் தாங்கின. அதே ஆண்டு ஃபீமா ஒரு விதியைத் தளர்த்தியது. பத்திரம் இறந்துபோன பாட்டி பெயரிலேயே இருக்கும், வாரிசுகள் பெயருக்கு மாற்றியிருக்க மாட்டார்கள். அமெரிக்கத் தெற்கில் கருப்பினக் குடும்பங்களிடம் இத்தகைய சொத்து ஏராளம். பத்திரம் இல்லை என்ற ஒரே காரணத்துக்காக ஒவ்வொரு புயலிலும் ஆயிரக்கணக்கானோர் நிராகரிக்கப்பட்டு வந்தார்கள். இனி வேறு ஆவணம் எதுவும் கிடைக்காதபோது, உரிமையாளர் தாமே எழுதிக் கையெழுத்திட்டுத் தரலாம் என்றானது. கத்ரீனாவில் நிராகரிக்கப்பட்டவர்களுக்கு இது பின்னோக்கிப் பொருந்தாது.

ஐடாவில் மின்சாரம் நகரம் முழுக்கப் போனது, பல இடங்களில் ஒரு வாரத்துக்கு மேல் வரவில்லை. வெப்பத்தால் முதியவர்கள் இறந்தார்கள். அதன்பிறகு நியூ ஆர்லியன்ஸின் சர்ச்சுகளும் சமூகக் கூடங்களும் கூரையில் சூரியத் தகடும் உள்ளே பேட்டரியும் வைத்து, 'சமூகக் கலங்கரை விளக்கம்' என்ற பெயரில் மையங்கள் அமைத்து வருகின்றன. போன் சார்ஜ் போடலாம், இன்சுலினைக் குளிரில் வைக்கலாம், ஆக்சிஜன் இயந்திரத்தை ஓட்டலாம். அருகில் யாருக்கு என்ன நோய், யார் தனியாக இருக்கிறார்கள் என்று தன்னார்வலர்கள் முன்கூட்டியே வீடு வீடாகப் போய்க் குறித்து வைக்கிறார்கள். செங்கல் குடியிருப்புப் பெண்கள் மனதிலேயே வைத்திருந்த பட்டியல் அது. இப்போது அதற்குக் கொஞ்சம் பணமும் ஒரு கட்டடமும் கிடைத்திருக்கிறது. ஆனால் பட்டியலில் இருக்க வேண்டிய பலர் இன்னும் ஹூஸ்டனிலும் அட்லாண்டாவிலும்தான் இருக்கிறார்கள். கத்ரீனாவுக்கு முன் இருந்ததைவிட நகரத்தில் சுமார் ஒரு லட்சம் கருப்பினத்தவர் குறைவு. அவர்கள் திரும்பி வரும்படியான வாடகையில் வீடு கட்டும் திட்டம் எதுவும் அந்த அளவுக்கு இதுவரை வரவில்லை.